பஸ் போகாத கிராமங்கள்: சூரிச்சிலிருந்து ஆல்ப்ஸுக்கு ஒரு நாள், எதில் போகலாம்?

கோடை விடுமுறை நெருங்கினாலே ஊரிலிருந்து ஒரே கேள்விதான் வரும். "சூரிச்சில் மூன்று நாள் இருக்கிறோம், அதில் ஒரு நாள் மலைக் கிராமம் பார்க்கணும், கைடோடு பஸ் டூர் ஒன்று இருக்கிறதே, புக் பண்ணிடலாமா?" சென்னை, கோவையிலிருந்து வருபவர்கள் மட்டுமில்லை, இங்கே வேலைக்கு வந்து கொஞ்ச நாளே ஆன பிள்ளைகளும் அப்பா அம்மா வரும்போது இதையேதான் கேட்கிறார்கள். ஆமாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிவதில்லை. அந்த பஸ் சிலருக்கு நிஜமாகவே பொருந்தும். பலருக்குக் காசும் தண்டம், நாளும் தண்டம்.

டூர் விளம்பரத்தில் கண்ணில் படாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படத்தில் பாறை விளிம்பில் கருத்த மர வீடுகள், ஜன்னலில் சிவப்புப் பூக்கள், பின்னால் பனி மலை என்று ஒரு கிராமம் இருக்கும் இல்லையா? ஸ்விட்சர்லாந்தின் பெர்னீஸ் ஓபர்லாண்ட் என்ற மலைப் பகுதியில் அந்தப் படத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஊர்கள் வெங்கன் (1,274 மீட்டர் உயரம்), மூரன் (1,638 மீட்டர்), அதற்குக் கீழே இருக்கும் சின்ன கிம்மல்வால்ட். மூன்றுக்கும் பஸ் போகாது. வெளியூர்க்காரர்களின் காருக்குக்கூட வழி கிடையாது. பள்ளத்தாக்கிலிருந்து பல்சக்கர ரயிலிலோ ரோப் காரிலோ ஏறினால்தான் உண்டு. ஆக, பஸ் உங்களை இறக்கிவிடும் இடங்கள் பெரும்பாலும் கீழே இருக்கும் லாட்டர்புரூனன், கிரிண்டல்வால்ட், இன்டர்லாக்கன். இதில் இன்டர்லாக்கன் கிராமமே இல்லை, இரண்டு ஏரிகளுக்கு நடுவில் கடிகாரக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் டவுன். மற்ற இரண்டும் அழகான ஊர்கள்தான், ஆனால் எல்லா பஸ்ஸும் அங்கேதான் வந்து நிற்கும் என்பதால் மதிய நேரத்தில் தெருவில் தலைகள்தான் தெரியும். இது தெரிந்தே பஸ் ஏறினால் ஏமாற்றம் இருக்காது.

சரி, பஸ்ஸில் போகும் நாள் எப்படி இருக்கும்? காலை எட்டு, எட்டரை வாக்கில் சூரிச் பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சீல்குவாய் பஸ் நிலையத்தில் ஏறுவீர்கள். பெரும்பாலான டூர்கள் லூசர்ன் வழியாகப் போய், புரூனிக் கணவாய் ஏறி (1,008 மீட்டர்), பிரீன்ஸ் ஏரியை ஒட்டி இறங்கும். வழியில் ஒரு போட்டோ நிறுத்தம், ஒரு கழிப்பறை நிறுத்தம். பதினொன்று, பதினொன்றரைக்கு லாட்டர்புரூனன். அங்கே முக்கால் மணியோ ஒரு மணி நேரமோ. அப்புறம் கிரிண்டல்வால்டில் மதியச் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம், இன்டர்லாக்கனில் கொஞ்சம் ஷாப்பிங், மாலை ஏழு மணி வாக்கில் மறுபடி சூரிச். கூட்டிப் பார்த்தால் பஸ் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரம், ஊருக்குள் காலாற நடக்கும் நேரத்தைவிட அதிகம்.

இந்த நேரக் கணக்கை நீட்டச் சொல்லி கைடிடம் கெஞ்சிப் பயனில்லை. இங்கே பஸ் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆகவேண்டும், ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது (வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம்), தினசரி ஓய்வுக்கும் தனிக் கணக்கு உண்டு, எல்லாவற்றையும் வண்டியிலிருக்கும் கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் "ஒன்று நாற்பதுக்கு இங்கே இருக்கணும்" என்றால் ஒன்று நாற்பதுதான். நம் ஊர் டூரிஸ்ட் வேனில் "அண்ணே, ஒரு டீ மட்டும் குடிச்சிட்டு வந்துடறோம்" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்.

கிரிண்டல்வால்டில் அந்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்யலாம் என்று பாருங்கள். எல்லோரும் ஆசைப்படுவது ஃபர்ஸ்ட் என்ற மேட்டுக்கு கொண்டோலாவில் (கம்பியில் தொங்கிப் போகும் சின்னப் பெட்டி) போய்வர. ஏற 25 நிமிடம், இறங்க 25 நிமிடம், பஸ் நிற்கும் இடத்திலிருந்து அங்கே நடக்க நேரம், சீசனில் வரிசை வேறு. மேலே பாறையை ஒட்டிப் போட்டிருக்கும் இரும்பு நடைபாதையில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு ஓடி வந்தால் பஸ் கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. பேசாமல் ஊருக்குள்ளேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஐகர் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் கணக்கில் உத்தமம். 3,967 மீட்டர் மலை, அதன் வடக்குச் சுவர் ஊர்த் தெருவிலிருந்தே அப்படியே எதிரில் நிற்கும். 1938 வரை யாரும் ஏறி முடிக்காத சுவர் அது, முயற்சியில் செத்தவர்கள் பலர், அதைக் கீழே ஹோட்டல்களிலிருந்து தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தால் மலை வேறு மாதிரி தெரியும்.

இங்கேதான் கைடின் அருமை. நல்ல கைடு கிடைத்தால் பஸ் பயணம் வீண் இல்லை. லாட்டர்புரூனன் பள்ளத்தாக்கு ஏன் பெட்டி மாதிரி செங்குத்தாக இருக்கிறது (பனியாறு குடைந்தது), 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டௌபாக் அருவி ஏன் தரைக்கு வருவதற்குள் பாதி புகையாகிவிடுகிறது, ஐகர் மலைக்குள்ளேயே குடைந்து 1912-ல் யுங்ஃப்ராயோக் என்ற பனிமேட்டு நிலையம் வரை ரயில் விட்ட கதை என்ன என்பதெல்லாம் ரயிலில் தனியாகப் போகும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டு மொழியில் நடக்கும் டூர் என்றால் யோசியுங்கள். முதல் மொழியில் சொல்லி முடித்து ஆங்கிலத்துக்கு வருவதற்குள் ஏரி போயிருக்கும், சுரங்கம் வந்திருக்கும்.

எங்கள் பெரியப்பா, பெரியம்மா வந்தபோது நானே பஸ்ஸில்தான் அனுப்பினேன். பெரியப்பாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்து அதிக காலம் ஆகவில்லை, எனக்கு லீவு கிடையாது, பெரியம்மாவுக்கு ரயில் மாற்றும்போது பிளாட்பாரத்தில் தொலைந்துவிடுவோமோ என்ற பயம். வீட்டு வாசலிலிருந்து டிராமில் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், மாலையில் அதே இடத்தில் போய்க் கூட்டி வந்தேன். கைடு ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணினாராம், பெரியப்பா இறங்கி முடிக்கும் வரை கதவருகே நின்றாராம். புரூனிக் ஏறும்போது பெரியப்பா நன்றாகத் தூங்கிவிட்டார், பெரியம்மாவுக்கு அதுதான் குறை, "டிக்கெட்டில் பாதிக் காசு குறட்டைக்கே போச்சு" என்று இன்னமும் சொல்லிக்காட்டுகிறார். ஆனால் இரண்டு பேருக்கும் நாள் திருப்தி. அவர்களை நான் ரயிலில் மூரன் வரை அனுப்பியிருந்தால் நாலு இடத்தில் ஏறி இறங்க வேண்டியிருந்திருக்கும்.

இனி ரயில். சூரிச்சிலிருந்து பெர்ன் ஒரு மணி நேரத்துக்குள், அங்கே மாறி இன்டர்லாக்கன் ஓஸ்ட் (கிழக்கு நிலையம்) இன்னொரு மணி நேரத்துக்குள், அங்கிருந்து லாட்டர்புரூனன் 20 நிமிடம். காத்திருப்பெல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் போல. பஸ்ஸைவிட மெதுவே இல்லை, போட்டோ நிறுத்தங்களைக் கணக்கில் எடுத்தால் வேகம்தான். ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு லாட்டர்புரூனனில் நிற்கலாம், பஸ்கள் வந்து சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஸ்டௌபாக் பக்கம் நடந்துவிட்டு, அப்படியே மேலே கிளம்பிவிடலாம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ரோப் கார். நாலு நிமிடத்தில் குரூட்ச்சால்ப், அங்கே காத்திருக்கும் சின்ன ரயிலில் கால் மணி நேரம், மூரன்.

மூரனில் இறங்கியதும் முதலில் தெரிவது சத்தம் இல்லாததுதான். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பேட்டரி வண்டி ஊர்ந்து போகும், அவ்வளவுதான் போக்குவரத்து. வீட்டுக் கூரையின் இறவாரத்துக்கடியில் விறகை அளவெடுத்து வெட்டி ஜன்னல் விளிம்பு வரை அடுக்கியிருப்பார்கள், ஒரு கட்டைகூட வெளியே துருத்தாது. தெரு ஓரத்தில் குடைந்த மரத் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், குடிநீர் அல்ல என்று எழுதியிருந்தால் ஒழிய பாட்டிலை நீட்டிப் பிடித்துக் குடிக்கலாம். எதிரே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாக. விளம்பரப் படம் இதுதான். நடக்கத் தெம்பு இருந்தால் குரூட்ச்சால்ப்பில் ரயிலை விட்டுவிட்டு மூரன் வரை நடந்தே போகலாம், ஒன்றே கால் மணி நேரம் பிடிக்கும், பெரிய ஏற்றம் இல்லை.

ரயிலில் போகிறவர்கள் ஒரே ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். இன்டர்லாக்கன் ஓஸ்டில் நிற்கும் ரயில் ஒன்றுதான், ஆனால் ட்ஸ்வைலூச்சினன் என்ற நிலையத்தில் அது இரண்டாகப் பிரியும், ஒரு பாதி லாட்டர்புரூனனுக்கு, இன்னொரு பாதி கிரிண்டல்வால்டுக்கு. பெட்டியின் வெளிப்பக்கத்திலும் உள்ளே திரையிலும் ஊர்ப் பெயர் இருக்கும், பார்த்து ஏறுங்கள். குடும்பமாகப் போகும்போது பிள்ளைகள் ஜன்னல் சீட்டு தேடி முன் பெட்டிக்கு ஓடிப்போய், ரயில் பிரிந்த பிறகு அம்மா போனில் கத்துவதெல்லாம் அங்கே அடிக்கடி நடக்கும் காட்சி. பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பினால் போதும், அரை மணிக்கு ஒரு ரயில்.

போகும்போது பெர்ன் வழியும் வரும்போது லூசர்ன் வழியும் எடுப்பது இன்னும் நல்லது, ஒரே நாளில் இரண்டு காட்சி. இன்டர்லாக்கனுக்கும் லூசர்னுக்கும் நடுவில் ஓடும் மலை ரயில், பஸ் போகும் அதே புரூனிக் கணவாய் வழிதான் போகிறது, ஆனால் பஸ் லுங்கர்ன் என்ற ஊர்ப் பக்கம் நீளமான சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும், ரயில் அங்கே இருக்கும் பச்சை நிற ஏரிக்கு மேலேயே தவழ்ந்து போகும். லூசர்னிலிருந்து கிளம்புகிறீர்கள் என்றால் வலது பக்கம் உட்காருங்கள். மைரிங்கன் நிலையத்தில் ரயில் திசை மாறும், உங்கள் சீட் இடது பக்கமாகிவிடும், பிரீன்ஸ் ஏரி வருவதும் இடது பக்கம்தான்.

காசு விஷயத்தில்தான் பலருக்குக் கணக்குத் தவறுகிறது. பஸ் டூர் மலை உச்சி சேராமல் ஆளுக்கு நூறு பிராங்க் சுமார் ஆகும். அன்று காலை ஸ்டேஷனுக்குப் போய் முழுக் கட்டணத்தில் லாட்டர்புரூனன் போக வர டிக்கெட் எடுத்தால் நூறு பிராங்கை நன்றாகவே தாண்டிவிடும். அதாவது எந்தப் பாஸும் இல்லாமல், திட்டமும் இல்லாமல் போகிறவருக்கு பஸ்தான் மலிவு! ரயில் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆனால் சேவர் டே பாஸ் என்று ஒன்று இருக்கிறது, ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வரும், 2025-ல் ஆரம்ப விலை 52 பிராங்க், நாள் நெருங்க நெருங்க ஏறும். அதை வைத்து அன்று முழுக்க நாட்டின் பெரும்பாலான ரயில், பஸ், படகு எல்லாவற்றிலும் போகலாம், வெங்கன், மூரன் வரைக்கும் அதிலேயே அடங்கும். வாங்கியபின் ரத்து செய்ய முடியாது என்பது மட்டும்தான் தொந்தரவு. மூன்று நாளும் சுற்றுவது என்றால் ஸ்விஸ் டிராவல் பாஸ், 2025-ல் மூன்று நாளுக்கு இரண்டாம் வகுப்பு 244 பிராங்க், அப்பா அம்மா கூட வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இலவசமாகப் போக ஃபேமிலி கார்டு உண்டு. பாஸ் ஏற்கெனவே கையில் இருக்கும்போது பஸ் டூர் எடுப்பது ஒரே பயணத்துக்கு இரண்டு தடவை காசு கொடுப்பது. இரண்டு பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை, ரயில்தான்.

பஸ்ஸா ரயிலா என்பதைப் பல சமயம் வானிலைதான் முடிவு செய்கிறது. மலையில் மேகம் இறங்கிவிட்டால் ஐகரும் தெரியாது, ஒன்றும் தெரியாது, வெள்ளைத் திரைதான். பஸ்ஸை முன்கூட்டியே புக் செய்தாகிவிட்டது, மழை பெய்தாலும் கிளம்பும், நிறையப் பேர் சேர்ந்த டூரை மேகத்துக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள். டிராவல் பாஸ்காரர் காலை ஆறு மணிக்கு எழுந்து மூரன், கிரிண்டல்வால்ட் வெப்கேமராக்களைப் போனில் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் அன்றைக்கு லூசர்ன் போய்விட்டு மலையை மறுநாளைக்குத் தள்ளலாம். சேவர் டே பாஸில் நாள் மாற்ற முடியாது, ஊரை மாற்றலாம். மழை நாளிலேயே மாட்டிக்கொண்டால் லாட்டர்புரூனனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ட்ரூமல்பாக் இருக்கிறது, மலைக்குள்ளே விழும் பத்து அருவிகள், மூன்று சிகரங்களின் பனியாற்றுத் தண்ணீரும் அந்தப் பாறை இடுக்கு வழியாகத்தான் வெளியேறுகிறது, மழை பெய்தால் இன்னும் உறுமும். குளிர்காலத்தில் திறந்திருக்காது, நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடமாட்டார்கள்.

வாடகைக் கார் பற்றியும் கேட்பார்கள். நாலைந்து பேர் இருந்தால் காசு கட்டுப்படியாகலாம், ஆனால் காரை லாட்டர்புரூனனில் நிறுத்திவிட்டு மேலே போக மறுபடி ரோப் கார் டிக்கெட்தான் எடுக்க வேண்டும், கோடைக் காலத்தில் நிறுத்த இடம் தேடியே பாதிப் பொறுமை போய்விடும். காரில் வரும் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்று 2024-ல் அந்த ஊரில் பேச்சே எழுந்தது, அந்த அளவுக்கு நெரிசல். ஒரு நாளுக்காக மட்டும் என்றால் எனக்கு இதில் லாபம் தெரியவில்லை.

பஸ்ஸோடு யுங்ஃப்ராயோக் சேர்த்து விற்கும் டூர் வேறு கணக்கு. 3,454 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம், இந்திய உணவகம்கூட மேலே உண்டு, இன்டர்லாக்கனிலிருந்து தனியாக டிக்கெட் எடுத்தாலே சீசனில் இருநூறு பிராங்கைத் தாண்டும், ஆகவே டூர் விலை அதற்குப் பக்கத்தில் இருந்தால் பஸ் கிட்டத்தட்ட இலவசம் மாதிரிதான். பனியை வாழ்க்கையில் முதல் தடவை பார்க்கப் போகிறவர்கள், மறுபடி வர வாய்ப்பில்லாதவர்கள் எடுத்துக்கொள்ளலாம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது சிகரம் பார்க்கும் நாள், கிராமம் பார்க்கும் நாள் இல்லை. கிராமங்கள் ஜன்னலுக்கு வெளியே ஓடிப்போகும். இருதயப் பிரச்சினை, ஆஸ்துமா இருக்கும் பெரியவர்களை ஒரே காலையில் சூரிச்சின் 400 மீட்டரிலிருந்து அவ்வளவு உயரத்துக்கு ஏற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு எதில் போனாலும் ஒன்றுதான். லாட்டர்புரூனன், கிரிண்டல்வால்ட், வெங்கன், மூரன் நாலு ஊரிலும் கூப் என்ற சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, தயிர், பன், பழம் கிடைக்கும், சைவக்காரர்கள் உணவகத்தில் ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவல் கேட்கலாம், பன்றிக்கறித் துண்டு சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு. புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் இன்னும் விசேஷம், ரயிலில் சாப்பிட யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பஸ்ஸில் சாப்பிடலாமா என்பது டூருக்கு டூர் மாறும்.

ஒரு இரவு கூடுதலாக ஒதுக்க முடிந்தவர்கள் வெங்கனில் தங்கிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். பகல் கூட்டம் ஐந்து மணிக்கு மேல் கீழே இறங்கிவிடும், ஊர் அப்புறம்தான் ஊராகும். ஏப்ரல் கடைசி, மே, நவம்பர் மாதங்களில் மட்டும் முன்னாடியே விசாரியுங்கள், அந்த இடைவெளியில் பல ரோப் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள், ஹோட்டல்களும் பாதி மூடிக்கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் லாட்டர்புரூனன் பள்ளத்துக்குள் வெயில் சீக்கிரமே போய்விடும், மேட்டில் இருக்கும் வெங்கனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

இத்தனைக்கும் பிறகு பஸ்தான் சரி என்று தோன்றினால், நடக்க முடியாத பெரியவர்களுக்கும் ரயில் மாற்றப் பயப்படுகிறவர்களுக்கும் தோன்றத்தான் வேண்டும், பணம் கட்டும் முன் சிலதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எத்தனை நிமிடம் இறக்கிவிடுவார்கள், "வழியில் பார்க்கலாம்" என்று போட்டிருப்பதில் எங்கெல்லாம் வண்டி நிற்கும், எங்கெல்லாம் ஜன்னல் வழியாக மட்டும். ரோப் கார், ரயில் டிக்கெட் விலையில் சேர்ந்ததா. கைடு எத்தனை மொழியில் பேசுவார். வெங்கனோ மூரனோ சேர்ந்திருக்கிறதா, சேர்ந்திருந்தால் அது பஸ்ஸை லாட்டர்புரூனனில் விட்டுவிட்டு மேலே ரயிலில் கூட்டிப்போகும் டூர், பத்து இருபது பிராங்க் அதிகமானாலும் அதையே எடுங்கள்.